அளவு ஜாக்கெட்

"பிரவீனாவே நிக்கட்டும்."

போன வாரம் காளியாத்தாள் சொன்னது இவ்வளவுதான். இந்த ஒரு பேச்சுக்காகத்தான் சிங்காநல்லூர் வீட்டில் அத்தனை பேரும் மாசக்கணக்கில் வாயைப் பார்த்துக் கிடந்தார்கள்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. காளியாத்தாளின் மகன் கிருபாசங்கருக்கு நாளைக்குக் கல்யாணம். பெண் காரமடை தேஜஸ்ரீ, மண்டபம் சூலூரில். கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் பொண்ணாட்டம் அலங்காரம் பண்ணிக்கொண்டு அவன் பக்கத்தில் நிற்பாள். ஒரு சேலையின் ஒரு முனை அண்ணன் கையில், மறுமுனை தங்கச்சி கையில். அது முடியாமல் அடுத்த சீருக்கு யாரும் நகர மாட்டார்கள்.

கிருபாசங்கருக்குக் கூடப்பிறந்தவள் ஒருத்திதான், அக்ஷயா. போன மழைக்கு முந்தின மழையில், குளத்து ரோட்டில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து காளியாத்தாள் அந்த ரோட்டுப் பக்கம் காலெடுத்து வைத்ததில்லை. கடைக்குப் போவதென்றாலும் சுற்றிக்கொண்டுதான் போவாள்.

கூடப்பிறந்தவள் இல்லாவிட்டால் சித்தப்பா மகள் நிற்கலாம். ஊர் ஒத்துக்கொள்ளும். பெத்தவள் மனசு ஒத்துக்கொள்ள வேண்டுமே! எப்படியோ ஒத்துக்கொண்டது என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். சித்தப்பா தனபாலின் மகள் பிரவீனாவும் விட்டாள். அவசரப்பட்டுவிட்டாள், பாவம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை. வீடு முழுக்க ஒறம்பரை, சொந்தக்காரக் கூட்டம். கூடத்தில் பாய், மாடியில் பாய், படிக்கட்டில்கூட இரண்டு மாமன்மார் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். பிரவீனா காந்திபுரத்தில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் சொல்லிக்கொடுக்கிறவள். லீவு போட்டும் காலை ஆன்லைன் பேட்ச் மட்டும் தலையில் விழுந்துவிட்டது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அமைதியான இடம் தேடினால், அந்த வீட்டில் காலியாக இருந்தது ஒரே ஒரு அறைதான்.

அக்ஷயாவின் அறை. எத்தனை கூட்டம் வந்தாலும் அங்கே யாரும் படுப்பதில்லை. பொழுதானால் காளியாத்தாள் போய் லைட்டைப் போடுவாள், விடிந்தால் அணைப்பாள். மேஜை மேல் அக்ஷயாவின் போன் சார்ஜரோடு அப்படியே கிடக்கும்.

பிரவீனா அந்த போனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு வகுப்பை ஆரம்பித்தாள்.

"இன்னைக்கு 'ஃபால் ஷார்ட்'. கீழ விழறதுன்னு நெனச்சுக்காதீங்க. எட்டாமப் போறது, பத்தாமப் போறது. பந்து பவுண்டரிக்கு முன்னாடியே நின்னுபோச்சுன்னா சொல்லலாம். பந்தியில சாம்பார் காணலைன்னா சொல்லலாம். ஒருத்தர் மேல வெச்ச எதிர்பார்ப்புக்கு அவங்க எட்டலைன்னாலும் சொல்லலாம். ஆனா எதுக்கு எட்டலைங்கறது கேக்கறவங்களுக்குத் தெரியோணும். அதுக்குத்தான் பின்னாடி 'ஆஃப்' போட்டுச் சொல்றது."

"ஒரு எக்ஸாம்பிள் சொல்லுங்க மேடம்" என்றாள் தாஜுன்னிசா. ஒரு லேபில் வேலை பார்க்கிறவள். எதையும் எழுதிக்கொள்ளாமல் விடமாட்டாள்.

பிரவீனா யோசிக்கவே இல்லை. வாய் தானாக ஒரு இங்கிலீஷ் வாக்கியத்தைச் சொல்லிவிட்டது. என் மார்க்கு எப்பவும் என் அக்கா மார்க்குக்கு எட்டினதே இல்லை என்று.

"உங்க அக்கா இப்ப என்ன பண்றாங்க மேடம்?"

செத்துப்போயிட்டாங்க என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பிரவீனாவால் முடியவில்லை. "நெட்வொர்க் சரியில்லைங்க, நாளன்னைக்குப் பாக்கலாம்" என்று லேப்டாப்பை மூடிவிட்டாள். அக்காவாவது ஒன்றாவது, அக்ஷயாவுக்கும் அவளுக்கும் நடுவில் சில மாசம்தான் வித்தியாசம். ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்ச். ரேங்க் கார்டு வருகிற அன்றைக்கெல்லாம் பெரியம்மா காளியாத்தாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "பத்தலை கண்ணு" என்பாள். கோபமாகக்கூடச் சொல்ல மாட்டாள்.

கதவு திறந்தது. காளியாத்தாள் கையில் ஒரு துணிப்பை.

"கிளாசு முடிஞ்சுதா கண்ணு? புவனா கடையில இருந்து ஜாக்கெட்டை வாங்கியாந்துபோட்டேன். போட்டுப் பாரு."

இணைச்சீருக்கு எடுத்த சேலை சிறுமுகைப் பட்டு, அரக்குக் கலர். அதே சேலைத் துணியில் தைத்த ஜாக்கெட். பிரவீனா போட்டாள். கை பாதியில் நின்றுவிட்டது. இழுத்து ஏற்றினாள். முன்னால் கொக்கிக்கும் கொக்கி மாட்டுகிற இடத்துக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி.

"சேரலைங்க பெரீம்மா."

"மூச்சை இழுத்துப் புடி."

இழுத்துப் பிடித்தாள். தையல் நறநறவென்றது. கண்ணாடியில் பெரியம்மா பின்னால் நிற்பது தெரிந்தது. அவள் கண் பிரவீனாவின் முகத்தில் இல்லை. கழுத்துக்குக் கீழே, முதுகில், ஜாக்கெட்டின் பின்புற வெட்டில் நிலைகுத்தி நின்றது.

"திரும்பாத. சித்தெ அப்படியே நில்லு." காளியாத்தாளின் குரல் தணிந்துபோயிருந்தது. "முதுகு அவளாட்டமே இருக்குது."

"அச்சு..." என்றாள் காளியாத்தாள். அக்ஷயாவை வீட்டில் கூப்பிடுகிற பேர் அது.

"ம்" என்றாள் பிரவீனா.

ஐயோ, எப்படி வந்தது அந்த 'ம்'? அவளுக்கே தெரியவில்லை. சின்ன வயதில் இரண்டு பேரில் யாரைக் கூப்பிட்டாலும் இரண்டு பேரும் 'ம்' கொட்டுவார்கள், அந்தப் பழக்கமாக இருக்கும் என்று பிறகு தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்த நிமிஷத்தில் பயம்தான். வெறும் பயம். சடாரென்று திரும்பினாள்.

அவள் முகத்தைப் பார்த்ததும் காளியாத்தாளின் முகம் மாறிவிட்டது. "பத்தலை கண்ணு" என்றாள். அவ்வளவுதான், போய்விட்டாள்.

ஜாக்கெட்டைக் கழற்றும்போதுதான் பிரவீனா கவனித்தாள். உள்பக்கம் ஊக்கு குத்திய ஒரு துணித் துண்டு, தையற்கடையில் ஆள் மாறாமலிருக்கப் பெயர் எழுதி வைப்பார்களே, அது. ஸ்கெட்ச் பேனாவில் 'அக்ஷயா' என்று இருந்தது.

அளவு ஜாக்கெட்டாகத் தன்னுடையதைத்தான் அம்மா கொடுத்திருப்பாள் என்று பிரவீனா நினைத்திருந்தாள். அவள் அம்மாவோ, காளியாத்தாளே கேட்டு வாங்கியிருப்பாள் என்று இருந்திருக்கிறாள். ஆளாளுக்கு அடுத்தவர் தலையில் போட்டுவிட்டுச் சும்மா இருக்க, கடைக்குப் போனது செத்துப்போனவளின் ஜாக்கெட்!

"கை மாறிப்போயிருக்கும் சாமி" என்றார் தனபால், காரை எடுத்துக்கொண்டே. ஒரு காதில் போன், வாழை இலைக்காரனோடு சண்டை. "கல்யாண ஊட்டுல ஆயிரம் நடக்கும். தையலைப் பிரிச்சு விட்டாச் சரியாப்போகுது. ஏனுங், நுனி இலைன்னு சொன்னேனா இல்லையா? அட, வைப்பா போனை!"

புவனாவின் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். திறந்து ஒன்றரை வருஷம்தான் இருக்கும். பிரவீனா உள்ளே நுழைந்ததும் புவனா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். கையில் அந்த அரக்கு ஜாக்கெட்டைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க வாங்க! அக்ஷயாதானுங்களே? கடைசீல நேர்ல பாத்துட்டேனுங்க! பெங்களூர்ல இருந்து எப்ப வந்தீங்க? அம்மாவுக்கு எந்நேரமும் உங்க பேச்சுத்தான்."

மறுபடி அடித்த போனை எடுத்திருந்த தனபால் அதைக் காதிலிருந்து இறக்கினார். போனில் இலைக்காரன் மட்டும் அலோ அலோ என்று கத்திக்கொண்டிருந்தான்.

"நான் அக்ஷயா இல்லைங்க. பிரவீனா. அவங்க அம்மாவோட கொழுந்தனார் மக."

"அப்படீங்களா? அப்ப அவங்க கல்யாணத்துக்கு வரலீங்களா?"

"வர முடியாதுங்க" என்றாள் பிரவீனா. இரண்டாவது தடவையாக அதே இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. "இதைக் கொஞ்சம் பிரிச்சு விட முடியுமுங்களா? எனக்குச் சேரலை."

புவனா ஜாக்கெட்டை உள்பக்கமாகத் திருப்பினாள். பக்கத் தையலை விரலால் தடவிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இதுல உள்ள துணியே விடலைங்களே. நான் யாருக்குத் தெச்சாலும் ரெண்டு பக்கமும் தாராளமா விட்டுத்தான் தெப்பேனுங்க. பொம்பளைங்க ஒடம்பு ஒரே மாதிரியா இருக்குது? உங்க பெரீம்மாதான் வேண்டாம்னுட்டாங்க. 'எம் பொண்ணு இனிப் பெருக்க மாட்டா அம்மணி, உள்ள விடாத'ன்னாங்க. டயட்டுல இருக்கறாங்களாட்டன்னு நெனச்சுட்டேன். தீவாளி, பொங்கல்னு ஒவ்வொரு நோம்பிக்கும் புதுசா ஒண்ணு தெச்சுட்டுப் போவாங்களுங்க. அளவு ஒரு நூல் மாறினதில்லை. நானே அசந்துபோயிருக்கேன்."

தனபால் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பழைய டெய்லரை விட்டு அண்ணி ஏன் புதுக் கடை தேடினாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பழைய டெய்லர் எழவுக்கு வந்திருந்தவர் அல்லவா? அவரிடம் போய்ப் புது ஜாக்கெட் தைக்கச் சொல்ல முடியுமா?

"போலாம் சாமி" என்றார்.

காரில் ஏறியதும் அழுத மகளிடம் தனபால் சொன்னார்:

"ரெடிமேட்ல ஒண்ணு எடுத்துக்கலாம். அண்ணிகிட்ட ஒண்ணும் கேக்காத. கல்யாணம் முடியட்டும்."

"ஜாக்கெட்டுக்காகவாப்பா அழுகறேன்? கடைக்குப் போனா ஆயிரம் கெடைக்கும்." பிரவீனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு அண்ணன் பக்கத்துல யாரு நிக்கறது? நானா, அச்சுவா? காலையில அவங்க கூப்புட்டாங்க, நான் 'ம்'னு சொல்லிட்டேன். நாளைக்கு அத்தனை பேரு முன்னாடி அப்படியே நின்னுட்டா, அப்பறம் அந்த ஊட்டுல எனக்குன்னு ஒரு பேரு இருக்காது. எனக்குப் பயமா இருக்குதுங்கப்பா."

தனபாலுக்கு மகளைத் தெரியும். இத்தனை வருஷத்தில் அவள் வாய்விட்டு ஒன்றைக் கேட்டு அவர் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் பிரவீனா அதே வீட்டில் தங்கள் குடும்பம் இருந்த பக்கத்துக்குப் போய்த் தன் பழைய அளவு ஜாக்கெட்டை எடுத்தாள். வெளிறிப்போன பச்சை, அக்குளில் ஒட்டுப் போட்டது. அதோடு அக்ஷயாவின் அறைக்கு ஏறினாள்.

காளியாத்தாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் பீரோ திறந்து கிடந்தது. அந்துருண்டை வாசம் மூக்கில் ஏறியது. தட்டு நிறைய ஜாக்கெட்டுகள், மஞ்சள், நீலம், கிளிப்பச்சை என்று. எல்லாம் புதுசு. ஒன்றில்கூடக் கொக்கி மாட்டிய தடம் இல்லை.

"உக்காரு கண்ணு." பார்க்காமலே சொன்னாள். "புவனாகிட்டப் போயிருந்தீங்களாட்ட."

"போயிருந்தமுங்க."

"இது போன தீவாளிக்குத் தெச்சது. இது பொங்கலுக்கு. ஒரு நோம்பிக்காவது அவளுக்கு எடுக்காம இருந்திருக்கறனா நானு? இப்ப மட்டும் எப்படி எடுக்காம இருக்கறது?"

பிரவீனா கால் மடக்கி எதிரில் உட்கார்ந்தாள். கேட்கக் கூடாதென்று அப்பா சொன்னது காதில் இருந்தது. இருந்தாலும் கேட்டுவிட்டாள்.

"கை மாறிக் குடுக்கலை, இல்லீங்களா பெரீம்மா?"

காளியாத்தாள் தலையை ஆட்டினாள். மறைக்கவே இல்லை.

"நீ கோவிச்சுக்காத சாமி. நாளைக்கு நீ நின்னா, பாக்கறவங்களுக்கெல்லாம் அவ இல்லைங்கறதுதான் கண்ணுல படும். அவ ஜாக்கெட்டைப் போட்டுட்டு நின்னீன்னா, அவ வந்து நின்னுக்குவா. எனக்குத் தெரியும். காலையில 'ம்'னு சொன்னது ஆருன்னு நெனச்ச நீ?" அவள் கை நீண்டு பிரவீனாவின் மணிக்கட்டைப் பற்றியது. "ஒரு நாழி. ஒடம்பை மட்டும் குடு கண்ணு. அண்ணனுக்குச் சீர் செஞ்சுட்டு அவ போயிருவா. மத்தியானம் சாப்புடாம இருந்தீன்னா, ராத்திரியும் விட்டுட்டீன்னா, கொக்கி மாட்டிரும்."

மேஜையில் கிடந்த அந்த போன் டிங் என்று ஒரு சத்தம் போட்டது. ரீசார்ஜ் முடிகிறது என்று கம்பெனிக்காரன் அனுப்பியதாகத்தான் இருக்கும். இருவருமே திரும்பிப் பார்த்தார்கள். இருவருமே எடுக்கவில்லை.

பிரவீனாவுக்குப் பயம் போய் வேறொன்று வந்தது. அழுகை என்றும் சொல்லலாம், ஆத்திரம் என்றும் சொல்லலாம்.

"பெரீம்மா, சின்னதுல இருந்து பத்தலை பத்தலைன்னு சொல்லுவீங்க. எதுக்குப் பத்தலைன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லை. இப்பக் கேக்கறேன், சொல்லுங்க."

காளியாத்தாள் திறந்து கிடந்த பீரோவைப் பார்த்தாள்.

"அச்சுவுக்கு நான் பத்த மாட்டேன். எனக்கும் தெரியும். நாளெல்லாம் பட்டினி கெடந்தாலும் பத்த மாட்டேன். ஆனா கிருபாண்ணனுக்கு நான் தங்கச்சி. அச்சு போனன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல அவரு என்ற தோள்லதான் சாஞ்சு அழுதாரு. அதுக்கு நான் பத்துவேனுங்க பெரீம்மா." பச்சை ஜாக்கெட்டைக் கட்டிலில் வைத்தாள். "இதுதான் என்ற அளவு. இந்த அளவுல நிக்கறதுன்னா நாளைக்கு நிக்கறேன். இல்லைன்னா வேற ஆரையாவது கூப்புட்டுக்கங்க."

மணிக்கட்டை விடுவித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். படியில் இறங்கினாள்.

கீழே கிருபாசங்கர் நின்றிருந்தான். கையில் மாலையில்லாத குறைதான், மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது. கண் மட்டும் சிவந்திருந்தது. மேலே பேசியதெல்லாம் கேட்டிருக்க வேண்டும்.

"பாப்பா, எனக்கு இருந்தது ரெண்டு தங்கச்சி. ஒருத்தி போயிட்டா." அவள் தலையில் கையை வைத்தான். "அவ பேரைச் சொல்லி நீயும் போயிராத. நீ நிக்கலைன்னா எனக்கு அந்தச் சீரே வேண்டாம்."

சாயங்காலம் பொழுதோட ஒறம்பரையெல்லாம் வேனில் ஏறி மண்டபத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பிரவீனா எதையோ எடுக்கிற சாக்கில் மேலே போய்ப் பார்த்தாள். பீரோ பூட்டியிருந்தது. கட்டிலில் பச்சை ஜாக்கெட் இல்லை. பொழுது சாய்ந்தும் லைட் போடவில்லை. இத்தனை நாளில் முதல் தடவையாக அந்த அறை இருட்டிக் கிடந்தது.

போன் அடித்தது. புவனா.

"ஏனுங்க, உங்க பெரீம்மா வந்திருந்தாங்க. உங்க அளவு ஜாக்கெட்டைக் குடுத்து, உடனே ஒண்ணு தெச்சுக் குடுன்னாங்க. தெச்சு வெச்சிருக்கேன், வந்து வாங்கிக்கங்க. அளவெல்லாம் உங்களுதேதானுங்க." மெஷின் சத்தம் நின்றது. "உள்ள எவ்வளவு துணி விடட்டும்னு கேட்டேனுங்க. 'நல்லாத் தாராளமா விடு அம்மணி. இவ இன்னும் கல்யாணம் பண்ணோணும், புள்ளை பெறோணும், பெருக்கோணும்'னாங்க. அப்பறம்தான் அந்தப் பொண்ணைப் பத்திச் சொன்னாங்க. எனக்குக் கையே ஓடலைங்க."

பிரவீனா சுவரில் சாய்ந்துகொண்டாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. வாழ்நாளில் முதல் தடவையாகப் பெரியம்மா அவளுக்கென்று ஒரு அளவு கொடுத்திருக்கிறாள்.

"துணி ஏதுங்க? அந்தச் சேலையில மிச்சமே இல்லையே?"

"அவங்க பட்டுச்சேலை ஒண்ணைக் கொண்டாந்து, இதுல வெட்டிக்கன்னாங்க. அதுவும் அரக்குத்தான். புதுசுங்க, மடிப்புக்கூடக் கலையலை."

பிரவீனாவின் அழுகை நின்றுவிட்டது. அரக்குப் புதுப்பட்டு வீட்டில் இன்னொன்றுதான் இருந்தது. நாளைக்கு முகூர்த்தத்துக்குக் கட்டவென்று பெரியம்மா தனக்கு எடுத்து வைத்திருந்த சேலை. அதை வெட்டக் கொடுத்துவிட்டால் நாளைக்கு அவள் எதைக் கட்டிக்கொண்டு வருவாள்?

"பெரீம்மா அங்க இருக்கறாங்களா?"

"இல்லீங்களே. அவங்க பொண்ணோட பழைய அளவு ஜாக்கெட் என்கிட்ட இருந்துச்சு, அதைக் கேட்டு வாங்கிட்டாங்க. மடியில வெச்சுட்டுப் போனாங்க. காருலகூட வரலைங்க, நடந்துதான் போனாங்க."

கீழே வேன்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். காளியாத்தாளைக் காணோம் என்று யாரோ கத்துவது கேட்டது.

"எந்தப் பக்கமுங்க?" என்றாள் பிரவீனா.

"குளத்து ரோட்டுப் பக்கமுங்க."